மலை இறங்கும் காருக்கு எந்த பிரேக் பேட், எந்த டிஸ்க்?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். 2015ஆம் ஆண்டு போர்ஷே மக்கான் டர்போ காரைச் சென்ற ஆண்டு இரண்டாவது உரிமையாளராக வாங்கினேன். குடும்பத்தோடு அடிக்கடி ஊட்டி சென்று வருகிறோம். அண்மையில் கோத்தகிரி வழியாக இறங்கியபோது, குஞ்சப்பனையைத் தாண்டியதும் கருகல் வாடை வந்தது. பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்தேன், பிறகு சரியாகிவிட்டது. இப்போது நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. உதிரிபாகக் கடைக்காரர், ஓட்டை போட்டுக் கோடு வெட்டிய டிஸ்க்குகளும் ‘ரேசிங்’ பேடுகளும் மாட்டச் சொல்கிறார். எங்கள் மெக்கானிக், டிஸ்க்கைக் கடைசல் பிடித்து விலை குறைந்த பேட் போட்டாலே போதும் என்கிறார். செட்டிபாளையம் பந்தயத் தளத்தில் ஆண்டுக்கு ஓரிரு முறை ஓட்டிப் பார்க்கும் ஆசையும் உண்டு. எதை வாங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரேக் ஆயிலை மாற்றும்வரை அந்தக் காரை மறுபடி மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கும் அல்ல, அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடும் அல்ல. பெடல் ஆழமாக இறங்கியது என்ற அந்த ஒரு வரிதான்.

பிரேக் சூட்டில் தளர்வது இரண்டு விதம். முதல் விதத்தில் பெடல் கல்போல உறுதியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்காது. பேடின் கலவை தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டிவிட்டது என்பதற்கு அது அடையாளம். இரண்டாவது விதத்தில் பெடல் பஞ்சுபோல் மெத்தென்று உள்ளே போகும். காலிப்பருக்குள் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்விக்குள்) இருக்கும் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகிவிட்டன என்று பொருள். திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது, உங்கள் காலின் விசையை அப்படியே பிஸ்டனுக்குக் கொண்டுபோகும். ஆவியோ சுருங்கிவிடும், விசை முழுவதும் குமிழை அழுத்துவதிலேயே போய்விடும். வாடை பேடிலிருந்து வந்திருக்கலாம். பெடல் இறங்கியதற்கு ஆயிலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் ‘சரியாகிவிட்டது’ என்றால் ஆவி மறுபடி திரவமாகியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த இறக்கத்தில் அதே ஆயில், முன்பைவிடச் சற்று முன்னதாகவே கூடக் கொதிக்கும்.

காரணம் தண்ணீர். டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு மூன்றரைப் பங்குக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் சேர்ந்துவிட்டால், 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி ஏற்றுக்கொள்கிறது. எழுபத்தைந்து டிகிரி பறிபோய்விடுகிறது! அதனால்தான் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். முந்தைய உரிமையாளர் கடைசியாக எப்போது மாற்றினார் என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே உள்ள டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவதில் பயனில்லை. கொதிப்பது காலிப்பரில் இருக்கும் ஆயில். நான்கு காலிப்பர்களிலும் ஆயிலை வெளியேற்ற உள்ள ப்ளீடர் திருகு வழியாகப் பழையது முழுவதும் வெளியேறி, புதிய ஆயிலின் தெளிந்த நிறம் தெரியும்வரை தள்ள வேண்டும். காரின் கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் டாட் 4 ஆயிலையே, மூடி திறக்காத புதிய டப்பாவாக வாங்குங்கள். டாட் 5 என்று தனியாக எழுதிய சிலிகோன் ஆயிலை மட்டும் தொடவே வேண்டாம்; அது வேறு வகை, இதனோடு சேராது. ஆயில் மாற்றிய பிறகும், கார் குளிர்ந்திருக்கும் நிலையில் பெடல் மெத்தென்று இருந்தால் கசிவோ, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பேட் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

இனி சூட்டின் கணக்குக்கு வருவோம். பேட், டிஸ்க் தேர்வு முழுவதும் இதில்தான் இருக்கிறது. உங்கள் கார் வெறும் எடையிலேயே இரண்டு டன்னை நெருங்குகிறது. குடும்பத்தையும் பெட்டிகளையும் சேர்த்து 2,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை முழுமையாக நிறுத்தினால் சுமார் 890 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாறுகிறது. இதில் ஏறக்குறைய எழுபது சதவீதத்தை முன் சக்கரங்கள் ஏற்கின்றன. முன் டிஸ்க் ஒன்று 12 கிலோ என்று கொண்டால், அந்த ஒரே நிறுத்தத்தில் அதன் சூடு ஐம்பது டிகிரிக்கு மேல் ஏறிவிடும்.

இப்போது மலையைப் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்குகிறீர்கள். அதே 2,300 கிலோவுக்கு இது சுமார் 43,000 கிலோஜூல். நூறு கி.மீ. வேகத்திலிருந்து நாற்பத்தெட்டு முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பகுதியை டயர் உருளும்போது ஏற்படும் இழப்பும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் ஏற்க வேண்டும், அல்லது பிரேக் ஏற்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகப் போவதால் டிஸ்க்குகளின் மேல் காற்றோட்டமும் குறைவு. 400 குதிரைத்திறன் கொண்ட வண்டியின் பிரேக், சாதாரணமான ஒரு குடும்ப இறக்கத்தில் திணறுவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே உங்களுக்குத் தேவையான பேட் எது? குளிர்ந்த நிலையில் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும். நீண்ட இறக்கத்திலும் பிடிமானம் குறையக் கூடாது. ரேசிங் பேடில் முதலாவது இல்லை. பந்தயத்துக்கான கலவைகள் பல, இருநூறு முந்நூறு டிகிரி சூடேறிய பிறகுதான் முழுப் பிடிமானம் தரும். காலையில் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது குறுக்கே ஒருவர் வந்தால், பேட் சூடாகும்வரை காத்திருக்க முடியாது. போதாததற்குக் கீச்சென்ற சத்தம், டிஸ்க்கை அரித்துத் தின்னும் வேகம். வீதியில் ஓடும் காரில் அவற்றைப் போடச் சொல்வது, கடைக்காரர் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு சொல்லியிருந்தாலும், தவறான ஆலோசனை.

விலை குறைந்த பேடில் இரண்டாவது இல்லை. நகர்ப்புறத்தில் ஓடும் சிறிய காருக்குப் போதுமான ஆர்கானிக் கலவை இரண்டு டன் எடையை மலையிலிருந்து இறக்கும்போது, சூட்டில் அதன் பிசின் ஆவியாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வழுக்கத் தொடங்கும். உங்கள் மெக்கானிக் மிச்சம் பிடித்துக் கொடுக்கும் பணம் அந்த இடத்தில் பேசாது.

தூசி வராது என்று சொல்லி செராமிக் பேடையும் யாராவது உங்களிடம் காட்டுவார்கள். வெள்ளி நிற அலாய் வீல்கள் வாரம் ஒரு முறை கறுத்துப்போவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு அது பெரிய ஆசைதான். நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் மட்டும் ஓடும் காருக்கு நல்ல செராமிக் பேடை நான் மறுக்க மாட்டேன். உங்கள் வழித்தடத்துக்கு வேண்டாம். ஐரோப்பிய கார்களில் நிறுவனமே மாட்டித் தரும் பேடுகளில் பெரும்பாலானவை குறைந்த அளவு உலோகம் கலந்தவை. தூசி கொட்டும், உண்மை. ஆனால் குளிரிலும் சூட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிடிக்கும். அந்தத் தூசியை நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

என் பரிந்துரை: போர்ஷே பெட்டியில் வரும் அசல் பேட், அல்லது அதே தரத்தில் டெக்ஸ்டார், பாகித், பிரெம்போ போன்ற நிறுவனங்கள் உங்கள் மாடலுக்கென்றே வெளியிடும் வீதிப் பேட். பாகித் என்ற பெயரில் பந்தயப் பேடுகளும் தனி வரிசையாக வருகின்றன. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். பின்தகட்டைத் திருப்பிப் பாருங்கள். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும், பக்கத்தில் 90ஆர் என்று தொடங்கும் எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒழுங்குவிதி 90இன்படி சோதிக்கப்பட்டது என்பதற்கான குறி அது. அந்த விதியின்படி மாற்றுப் பேடின் பிடிமானம் அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. இது எனக்கு மிக முக்கியம். ஏனென்றால் உங்கள் காரின் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), முன்பின் பிரேக் பகிர்வு எல்லாம் அசல் பிடிமானத்தை மனதில் வைத்தே அமைக்கப்பட்டவை.

பேடின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும் இரண்டாவது அதிகச் சூட்டிலும் உள்ள உராய்வைச் சொல்கிறது. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை, ஜி அதற்கும் மேல். இரண்டு எழுத்தும் ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். இரண்டாவது எழுத்து தாழ்ந்த பேட் மலைக்கு உதவாது. இதற்கு மேல் அந்த எழுத்துகளை நம்பிவிட வேண்டாம். ஒரு அங்குலச் சதுரத் துண்டை வெட்டி ஆய்வகத்தில் தேய்த்துப் பார்த்து இடப்படும் எழுத்துகள் அவை. முழு பேட் உங்கள் காலிப்பரில் எப்படி நடந்துகொள்ளும் என்று அவை சொல்லாது.

போலிப் பேடுகள் நம் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. சென்னை பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் லைனிங் தயாரிப்பு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஒரு கலவை வெளியே வருவதற்கு முன் டைனமோமீட்டர் என்ற சோதனை இயந்திரத்தில் எத்தனை சுற்று ஓட வேண்டும் என்று அங்கே வேலை பார்த்த எவரும் சொல்வார்கள். போலி செய்பவர் நகலெடுப்பது பெட்டியின் வண்ணத்தையும் பேடின் வடிவத்தையும் மட்டும்தான். பில் தராத கடையில் பிரேக் வாங்காதீர்கள்.

அடுத்து டிஸ்க். ஸ்டீயரிங் நடுக்கம் என்றதுமே ‘டிஸ்க் கோணிவிட்டது’ என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் டிஸ்க் கோணுவதில்லை. ஒரு சுற்றில் இங்கே தடிப்பாகவும் அங்கே மெலிந்தும், மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வேறுபாடு வந்தாலே பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் நடுக்கம் உணரலாம். அந்த வேறுபாடு எப்படி வருகிறது? ஒன்று, டிஸ்க் பொருந்தும் சக்கர மையமான ஹப்பின் முகத்தில் துருவோ அழுக்கோ இருக்க, அதன் மேலேயே டிஸ்க்கை மாட்டியதால் அது சற்றுச் சாய்ந்து சுழன்று, ஒரே பக்கம் தேய்ந்திருக்கலாம். இன்னொன்று, கொதிக்கக் கொதிக்க நிறுத்திய டிஸ்க்கில் பேடின் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். குஞ்சப்பனைக்குக் கீழே நிறுத்தியபோது பெடலை அழுத்தியபடியே இருந்தீர்களா? நடுக்கம் அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால், எனக்கு இதன்மேல்தான் சந்தேகம்.

அளந்து பார்த்துவிட வேண்டும். டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் காரின் முன் டிஸ்க் புதிதில் 360 மி.மீ. விட்டம், 36 மி.மீ. தடிமன், பின் டிஸ்க் 356 மி.மீ., 28 மி.மீ. மைக்ரோமீட்டரால் ஒரு சுற்றில் எட்டு இடங்களிலாவது அளக்கச் சொல்லுங்கள். டயல் கேஜ் (மிகச் சிறிய அசைவையும் காட்டும் அளவி) வைத்துச் சுழற்றிப் பார்த்து, ஆட்டம் 0.05 மி.மீ.க்கு மேல் இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி ஹப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டி அளக்க வேண்டும். பல நேரங்களில் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசல் வேண்டாம் என்கிறேன். டிஸ்க் என்பது உராயும் பரப்பு மட்டுமல்ல; சூட்டைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் இரும்புக் கிடங்கு. கடைசல் பிடிக்கும்போது கிடங்கைச் சிறிதாக்குகிறோம். அடுத்த இறக்கத்தில் அதே ஆற்றல் குறைந்த இரும்பில் ஏறும், சூடு கூடும். அச்சிட்ட எல்லையை நெருங்கிய டிஸ்க்கைக் கடைந்து போடுவது ஆபத்து.

ஓட்டை போட்ட டிஸ்க்குகளின் மேல் எனக்குள்ள மறுப்பும் இதே காரணத்தால்தான். ஓட்டை என்றால் அங்கே இரும்பு இல்லை. மழையில் நீர்ப்படலத்தைக் களைவதற்கு அவை ஓரளவு உதவும், எடையும் குறையும். ஆனால் சூடேறிக் குளிரும் ஒவ்வொரு சுழற்சியிலும் ஓட்டையின் விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல்கள் கிளம்பலாம். அசலாகவே அப்படி வடிவமைத்து, நிறுவனமே சோதித்துத் தரும் டிஸ்க் ஒரு ரகம். சாதாரண டிஸ்க்கை வாங்கி எங்கோ துளையிட்டு விற்பது வேறு ரகம். கடைகளில் பளபளப்பாகத் தொங்குபவற்றில் எது எந்த ரகம் என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடியாது. கோடு வெட்டியவை அவ்வளவு மோசமில்லை, பேடின் முகத்தைச் சுத்தமாக வைத்திருக்கும்; பேட் சற்று வேகமாகத் தேயும், லேசான இரைச்சலும் கேட்கும். உங்கள் உபயோகத்துக்கு அதற்கான தேவை இல்லை.

அதனால் டிஸ்க் மாற்ற வேண்டி வந்தால் அசல் அளவிலேயே, ஓட்டையில்லாத, கார்பன் அதிகம் கலந்த வார்ப்பிரும்பு டிஸ்க். உராயாத பகுதிகளில் துருத்தடுப்புப் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்து, புதிய பேடுகளோடு. உள்ளே காற்றுச் சிறகுகள் வளைந்திருக்கும் டிஸ்க் என்றால் இடது வலது வேறு வேறு. மாற்றி மாட்டினால் குளிர்விக்கும் திறன் குறையும். பிற்கால மாடல்கள் சிலவற்றில் டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க்குகள் உண்டு. அவற்றின் பேடுகள் தனி. உங்கள் காருக்கு வாங்கக் கூடாது.

மாட்டும் இடத்தில் மூன்று விஷயங்களைக் கண்ணால் பாருங்கள். பின் காலிப்பரில் பார்க்கிங் பிரேக்கின் மின்மோட்டார் இருக்கிறது. கணினிக் கருவியால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். கிளாம்ப் வைத்து நெருக்கினால் மோட்டார் பாழ். தேய்மான சென்சார் வயர்களைப் பேடோடு புதிதாக மாற்றச் சொல்லுங்கள். பிரேக் தூசியைக் காற்றுக்குழாயால் ஊத விடாதீர்கள். பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடைக்கட்டும். பழைய பேடில் என்ன கலவை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அது போவது அந்த மெக்கானிக்கின் நுரையீரலுக்குள்.

புதிய பேடும் டிஸ்க்கும் பழக வேண்டும். அதிகாலையில் ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, 70 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை நிதானமான அழுத்தத்தில் குறையுங்கள். முழுவதும் நிறுத்தாதீர்கள். மறுபடி வேகம் பிடித்து மறுபடி குறையுங்கள். எட்டுப் பத்து முறை. பிறகு பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். இப்படிச் செய்தால் பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுவதும் சீராகப் படியும். இதைச் செய்யாமல் நேரே ஊட்டிக்குப் புறப்பட்டால், சில வாரங்களில் அதே நடுக்கத்தோடு எனக்கு எழுதுவீர்கள்.

செட்டிபாளையம் ஆசையைப் பற்றி. ஆண்டுக்கு ஓரிரு முறைக்காக மற்ற முந்நூற்று அறுபது நாளின் பிரேக்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போவதற்கு முன் ஆயிலைப் புதுப்பியுங்கள்; முன் பேட் பாதிக்கு மேல் இருக்கட்டும். இரண்டு மூன்று சுற்று வேகமாக ஓட்டியதும் ஒரு சுற்று பிரேக்கை மிகக் குறைவாகத் தொட்டு ஆறவிடுங்கள். பிட்டில் (பந்தயத் தளத்தின் நிறுத்துமிடத்தில்) நிறுத்தியதும் பார்க்கிங் பிரேக் போடாதீர்கள். கியரை பி நிலையில் வைத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். அங்கே ஓட்டுவது வழக்கமாகிவிட்டால் தனிப் பேட் செட் பற்றிப் பேசலாம். ஆனால் இரண்டு டன் வண்டி அதற்கானது இல்லை என்பது என் எண்ணம்.

இறக்கத்தில் ஓட்டும் முறையும் இதில் சேர்ந்ததுதான். நீலகிரிச் சாலைகளில் இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லும் பலகைகளை ஆட்டோமேட்டிக் கார்காரர்கள் தங்களுக்கு இல்லை என்று கடந்துவிடுகிறார்கள். உங்கள் பிடிகே என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை, கியரை நீங்களே தேர்ந்தெடுக்கும் எம் நிலைக்குத் தள்ளி, இரண்டிலோ மூன்றிலோ வைத்து இன்ஜினைப் பிடிக்கவிடுங்கள். பிரேக்கை மெல்ல மிதித்தபடியே கிலோமீட்டர் கணக்கில் வராமல், வேகம் ஏறியதும் ஒரு முறை நன்றாகக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். வாடை வந்தால் உடனே நிறுத்த வேண்டாம். பெடல் உறுதியாக இருக்கும்வரை கீழ் கியரில் மெதுவாக ஓட்டிக்கொண்டே ஆறவிடுவது நல்லது. பெடல் இறங்கத் தொடங்கினால் கட்டாயம் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், புறப்படும் முன் நின்ற இடத்திலேயே பெடலை அழுத்திப் பாருங்கள்.

ஆயில் மாற்றம் இந்த வாரமே நடக்கட்டும். இந்தப் பட்டியலிலேயே செலவு குறைந்த வேலையும் அதுதான். அதே நாளில் நான்கு டிஸ்க்குகளின் தடிமனையும் ஆட்டத்தையும் பேடுகளில் மீதியிருக்கும் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேட் 3 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். டிஸ்க் பற்றி முடிவெடுக்கும் முன் அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.